ஆளில்லாக் காய்கறிக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிசோரமில் தலைநகர் ஐஸ்வாலுக்குப் போகும் நெடுஞ்சாலையில், செலிங் பக்கம், விற்க ஆளே இல்லாமல் நடக்கும் சின்னச் சின்னக் காய்கறிக் கடைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே கேட்பவர்கள் ஒரே மாதிரிச் சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். உறவுக்காரர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

ஆளில்லாக் கடைன்னா என்ன? காசு போட்டா பொருள் வர்ற மெஷினா?

மெஷின் எதுவும் கிடையாது. நாலு மூங்கில் கால், மேலே ஓலையோ தகரமோ தார்ப்பாயோ, நடுவில் மூங்கிலைப் பிளந்து பரப்பிய ஒரு தட்டு. அதில் கீரைக் கட்டு, மிளகாய், வாழைச் சீப்பு, பூசணி, சௌசௌ என்று அன்றைக்குக் கொல்லையில் கிடைத்தது இருக்கும். சில கடைகளில் பழச்சாறு பாட்டில், கருவாடு, ஆற்று நத்தைகூட இருக்கும். விலையை அட்டையிலோ பலகையிலோ கரியால் அல்லது சாக்பீஸால் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு டப்பா. வேண்டியதை எடுத்து, டப்பாவில் பணத்தைப் போட்டு, மீதிச் சில்லறையை அதே டப்பாவிலிருந்து நாமே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மிசோ மொழியில் இதற்கு 'ஙா லோ டோர்' என்று பெயர். 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், இந்தக் கடைகளின் படங்கள் சமூக ஊடகத்தில் பரவின. ஆளோடு ஆள் நெருங்காமல் காய் வாங்கலாம் என்பதால் அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. கடைகள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கின்றன.

நாம போனா பார்க்க முடியுமா?

தாராளமாக. மிசோரமுக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியும் வாங்கிக்கொள்ளலாம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்ட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டியதுதானே? வீட்டுல பெரியவங்க யாராவது உட்காரலாமே?

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அங்கே மலைச்சரிவில் ஜூம் சாகுபடி செய்கிறவர்கள் பலர். ஆண்டின் தொடக்கத்தில் காட்டை வெட்டிக் காயப்போட்டு, மார்ச் வாக்கில் எரித்து, மழையை ஒட்டி நெல், மக்காச்சோளம், மிளகாய், பூசணி, வெள்ளரி, இஞ்சி எல்லாவற்றையும் ஒன்றாக விதைப்பார்கள். அதன் பிறகு மழைக்காலம் முழுக்கக் களை. சரிவில் டிராக்டர் ஏறாது, எல்லாமே கைவேலை. ஒரு வாரம் விட்டால் களை பயிரை மூடிவிடும். கொல்லையோ வீட்டிலிருந்து தள்ளி இருக்கும். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்க முடியும். பெரியவர்களும் கொல்லைக்குப் போகிறவர்கள்தான்.

கணக்கைப் பாருங்கள். தட்டில் 500 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024-25இல் மிசோரமில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 266 ரூபாய். ஓர் ஆளைக் கடையில் உட்கார வைத்தால் அந்த ஒரு நாள் உழைப்பு கொல்லைக்குக் கிடைக்காது, அதாவது 266 ரூபாய் போய்விட்டது. ஆளில்லாமல் விட்டு, பாதிச் சரக்குக்குக் காசே வராமல் போனாலும் நஷ்டம் 250 ரூபாய்தான். பத்தில் ஒரு பங்கு போனால் வெறும் 50 ரூபாய். ஆளை நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்தக் கூலிக் கணக்குதான் அடிப்படை.

யாரும் சும்மா எடுத்துட்டுப் போக மாட்டாங்களா?

எடுக்கிறவர் எங்கேயும் இருப்பார். அந்த இழப்பு ஓர் ஆளின் கூலியைத் தாண்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 5,000 ரூபாய்ச் சரக்கைக் கொட்டி வைத்தால் கதை மாறிவிடும். பத்தில் ஒரு பங்கு போனாலே 500 ரூபாய், ஆள் போடுவதே மேல். ஆகவே இந்த முறை கொஞ்சமாக விளைவித்துக் கொஞ்சமாக விற்பவர்களுக்குத்தான் பொருந்தும். சரக்கு கூடினால் ஆளும் கூட வேண்டும்.

சரி, டப்பாவையே தூக்கிட்டுப் போயிட்டா?

இதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பால் ஃபெல்ட்மன் என்ற பொருளாதார வல்லுநர் 1984இல் வேலையை விட்டு, வாஷிங்டன் சுற்றுவட்டார அலுவலகங்களில் காலையில் பேகல் ரொட்டிகளையும் ஒரு காசுப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போவார். மதியம் வந்து மிச்சத்தையும் பணத்தையும் எடுத்துக்கொள்வார். வசூல் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதி வைத்தார். முதலில் மூடியில்லாத கூடை வைத்தபோது காசு காணாமல் போயிற்று. மேலே துளை போட்ட மரப்பெட்டிக்கு மாறிய பிறகு, ஆண்டுக்கு ஏழாயிரம் பெட்டி வைத்த இடத்தில் சராசரியாக ஒன்றுதான் போயிற்று.

ரொட்டிக்கான காசு அப்படி வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வந்தது, பத்தாண்டில் 87 வரை இறங்கியது. ரொட்டியைச் சும்மா எடுத்தவர்கள்கூடப் பெட்டியைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கினால் அது திருட்டு என்று எடுப்பவருக்கே தெரியும். கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு 'அடுத்த தடவை சேர்த்துப் போட்டுக்கலாம்' என்று சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியும். சின்ன அலுவலகங்களில் வசூல் பெரிய அலுவலகங்களைவிடச் சில சதவீதம் கூடுதல் என்பதும் அவர் கணக்கில் தெரிந்தது. இதை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

அவங்க ரொம்ப நல்ல ஜனங்க. நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருவது. மிசோக்களிடம் 'த்லோம்ஙைனா' என்று ஒரு பண்பு உண்டு, பிறருக்காகத் தன் வசதியைப் பின்னுக்குத் தள்ளுவது. சிறு வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். 1935இல் தொடங்கிய இளம் மிசோ சங்கம் கிராமம் கிராமமாக இருக்கிறது. சாவு வீட்டு வேலை முதல் வழி தவறியவரைத் தேடுவது வரை ஊரே கூடிச் செய்கிறது. இதெல்லாம் உண்மை, பெரிய பலமும்கூட.

அதற்காக மற்ற காரணங்களை மறந்துவிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 11 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 52 பேர். கடை யாருடையது என்று வழியில் போகிறவருக்குத் தெரியும், வழியில் போகிறவர் யார் என்று ஊருக்கும் தெரியும். சின்ன அலுவலகத்தில் வசூல் கூடியதும் இதனால்தான். நம்மூரில்கூட, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் முருங்கைக்காய்க் கட்டு வைத்தால், எடுக்கிறவர் காசை வைத்துவிட்டுத்தான் போவார். அதே கட்டைப் புறநகர்ப் பேருந்து நிலையத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

எங்க ஊர்லயே காந்தி ஜெயந்திக்கு ஆளில்லாக் கடை போட்டாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பாபநாசம் பேருந்து நிலையத்தில் ரோட்டரி சங்கத்தினர் அக்டோபர் 2 அன்று அப்படி ஒரு கடை வைப்பார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது ஒரு நாள் நடப்பது, நேர்மையை நினைவுபடுத்துவதற்காக நடப்பது. அங்கே காசு குறைந்தால் யார் வீட்டு அடுப்பும் அணையாது. செலிங் கடையில் குறைந்தால் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு எண்ணெய் வாங்கக் காசு குறையும்.

வியாபாரிகிட்டயே மொத்தமா கொடுத்துட்டா தொல்லை இல்லையே?

மொத்தமாகக் கொடுக்க மொத்தமாக விளைய வேண்டுமே. ஜூம் கொல்லையில் ஒரே பயிர் மூட்டை மூட்டையாக வராது. இன்றைக்கு நாலு பூசணி, பத்துக் கட்டுக் கீரை, ஒரு கூடை மிளகாய். இதற்காக எந்த வியாபாரியும் வண்டியை நிறுத்த மாட்டார். நிறுத்தினாலும் அவர் சொல்வதுதான் விலை. கீரை சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024இல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்களின் கட்டுரைகள் வந்தன. சாப்பிடுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயி கைக்குப் போவது தக்காளிக்கு 33 பைசா, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37 என்று அவற்றில் மதிப்பிட்டிருந்தார்கள். மீதி ஏற்றுகூலி, வண்டி வாடகை, கழிவு, கமிஷன், கடை லாபம். எல்லாமே கொள்ளை என்று சொல்ல மாட்டேன், லாரிக்காரரும் உழைக்கிறார். ஆனால் வாசலிலேயே விற்றால் அந்த ஒரு ரூபாயும் விளைவித்தவருக்கு. நூறில் பத்து பேர் காசு போடாமல் போனாலும் 90 பைசா கையில் நிற்கும்.

உழவர் சந்தை இருக்கே, அப்புறம் இது எதுக்கு?

உழவர் சந்தை நல்ல ஏற்பாடு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசு கொடுக்கிறார்கள், விலை தினமும் பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலையைவிடக் கூடுதல், வெளிக் கடையைவிடக் குறைவு.

ஆனால் அதிகாலையில் சரக்கோடு போய்ச் சேர வேண்டும், விற்று முடியும்வரை உட்கார வேண்டும். பத்துக் கட்டுக் கீரைக்கு அது கட்டாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் 86 சதவீதம் சிறு, குறு விவசாயிகள். தமிழ்நாட்டில் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. கூடை நிறையும் நாளில் சந்தைக்குப் போகட்டும், நிறையாத நாளில் வாசலில் வைக்கட்டும்.

எடை போட ஆள் இல்லாம எப்படி விக்கிறாங்க? பேரமும் பேச முடியாதே?

எடையே போடுவதில்லை. நம்மூரில் 'கூறு இருபது ரூபாய்' என்று கூறு கட்டி வைப்பார்களே, அதே வழிதான். கீரை என்றால் கட்டு, பூசணி என்றால் காய்க்கு இவ்வளவு. எல்லாக் கூறும் ஒரே விலையில் இருந்தால் வாங்குகிறவருக்குக் கணக்கு எளிது. பதினேழு ரூபாய் என்று எழுதினால் சில்லறைக்கு அலைய வேண்டும். கூறைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இருபதாக்கிவிட வேண்டும்.

பேரத்துக்கு இடமில்லை என்பது பயிர் செய்பவருக்குப் பெரிய நிம்மதி. காரில் வந்து இறங்குகிறவர் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அட்டையோடு யாரும் பேரம் பேசுவதில்லை.

சில்லறைப் பிரச்சினைக்கு ஜிபே வைக்கலாமே?

வைக்கலாம். க்யூஆர் அட்டை இருந்தால் டப்பாவில் பணம் தேங்காது. ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கையில் பட்டன் போன் மட்டும் இருப்பவர் யார் எவ்வளவு போட்டார்கள் என்று உடனே பார்க்க முடியாது. மூன்றாவது, ஆளில்லாத இடத்தில் ஒட்டிய அட்டைமேல் வேறு ஒருவர் தன் அட்டையை ஒட்டிவிடலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் அட்டைகளை இப்படி மாற்றிவிட்டார்கள். ஆகவே அட்டையில் உங்கள் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, 'இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்பவும்' என்று போடுங்கள். காசு டப்பாவை எடுத்துவிடாதீர்கள்.

விக்காத காய் என்ன ஆகும்?

அடுத்த நாளைக்குத் தாங்குவது மறுபடி தட்டுக்கு வரும். கீரை பன்றிக்குப் போகும், அங்கே பல வீடுகளில் பன்றி வளர்க்கிறார்கள். எதை வைக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பூசணி, சௌசௌ, இஞ்சி, காய்ந்த மிளகாய் எல்லாம் ஆளுக்காகக் காத்திருக்கும். கொத்தமல்லி காத்திருக்காது. மிசோரமின் மிளகாய்க்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக இருக்கும், நாக்கில் வைத்தால் கண்ணீர் வரும். ஒரு பிடி மிளகாய்க்கு நல்ல விலை, இடமும் அடைக்காது, கெட்டும் போகாது. இந்த மாதிரிக் கடைக்கு இதைவிடத் தோதான சரக்கு எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்துல என்ன செய்வாங்க?

உண்மையான கஷ்டம் இதுதான், திருட்டு இதற்குப் பக்கத்தில்கூட வராது. மே முதல் செப்டம்பர்வரை மழை பிடித்துக்கொள்ளும். மண் சரிந்து நெடுஞ்சாலை அடைபடும். வண்டி வராத நாளில் கடைக்கு முன்னால் ஆளே இருக்காது. விளைச்சலோ அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். வெள்ளரி காய்த்துத் தள்ளும்போது சாலை மூடிக் கிடந்தால் என்ன செய்வது? எந்த டப்பாவும் இதற்குத் தீர்வு தராது. சாலையும், இஞ்சி மிளகாயை உலர்த்தி வைக்க ஒரு கூரையும்தான் வேண்டும்.

லைசென்ஸ் வேணுமா? வரி கட்டணுமா?

நம் நிலத்தில் விளைந்ததை அப்படியே நாமே விற்றால், விவசாயி கையில் உள்ள விளைபொருள் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைக்குள் வராது, லைசென்ஸ் வேண்டாம். சொந்த விளைச்சலை விற்கும் விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரியும் இல்லை. அதையே ஊறுகாய், ஜாம், வடகம் என்று மாற்றி விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்.

தட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை நிலத்தில் வைத்தால் ஆக்கிரமிப்பு என்று அகற்றச் சொல்லலாம். சொந்த வேலிக்கு உள்பக்கம் வைப்பதே நல்லது.

கேமரா மாட்டிட்டா கவலை இல்லையே?

கேமரா விலையைக் கூலிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கட்டாது. அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், காசுப் பெட்டி வைத்த காபி அறையின் விலை அறிவிப்பில் ஒரு வாரம் பூப்படம், அடுத்த வாரம் பார்க்கும் கண்களின் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண் படம் இருந்த வாரங்களில் காசு கிட்டத்தட்ட மூன்று மடங்கு விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை, அதனால் கண்ணை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். என் விருப்பம், விளைவித்த குடும்பத்தின் பெயரும் ஊரும் எழுதிய ஓர் அட்டை. யாருடைய உழைப்பு என்று தெரிந்தால் கை தயங்கும்.

ஜப்பான்லயும் ஜெர்மனிலயும் இருக்காமே, அங்க எப்படி?

ஜப்பானில் கிராமத்துச் சாலையோரங்களில் மரத்தட்டும் காசுப் பெட்டியுமாக ஏராளம். பெரும்பாலும் ஒரு பை 100 யென், ஒரே காசில் முடிந்துவிடும். திருட்டு தொல்லை தந்த இடங்களில் காசு போட்டால் திறக்கும் லாக்கருக்கு மாறியிருக்கிறார்கள். ஜெர்மனியில் பூந்தோட்டத்துக்குள் நாமே போய் வெட்டிக்கொண்டு பெட்டியில் காசு போடலாம், கத்திகூட அங்கேயே தொங்கும். முட்டைக்கும் பாலுக்கும் தானியங்கி இயந்திரங்கள் பெருகிவிட்டன. லாக்கரும் இயந்திரமும் வாங்க முதலீடு வேண்டும். நாலு மூங்கில் மட்டும் உள்ளவருக்கு அந்த வழி இல்லை.

கையில காசில்லாத ஒருத்தர் எடுத்துட்டா அது திருட்டா?

பசிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்தவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சீப்பை வைத்தவரும் வசதிக்காரர் இல்லை. இரண்டு பேருக்கும் வழி வேண்டுமென்றால், வாடத் தொடங்கியதையும் அடிபட்டதையும் தனிக் கூடையில் போட்டு 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வையுங்கள். எடுப்பவருக்குக் கூச்சமும் குறையும். கார் நிறுத்தி இறங்கி, சும்மா எடுத்துப் போகிறவர் விஷயம் வேறு. அவர்மேல் எனக்குக் கோபம்தான்.

இதை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா?

இது மட்டும் போதாது. கைச்செலவுக்கு, பள்ளிக்கூடச் சாமானுக்கு, எண்ணெய் உப்புக்கு உதவும். நெல் வீட்டுக்கு, இஞ்சி வியாபாரிக்கு, மிச்சம் தட்டுக்கு என்று பிரித்துத்தான் ஓட்டுகிறார்கள். சாலை அடைபட்டால், ஓர் ஆண்டு எலி பெருகிவிட்டால் தட்டு காலி. மூங்கில் பூத்து எலி பெருகி விளைச்சல் போன 1959ஐயும் 2007ஐயும் அங்கே யாரும் மறக்கவில்லை. நேர்மையைப் புகழ்ந்து படம் பகிர்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

எங்க தோட்டத்து வாசல்ல வைக்கலாம்னு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறது?

போனால் போகட்டும் என்று விடக்கூடிய அளவு சரக்கோடு ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று வகை போதும், வாடாத காயாக இருக்கட்டும். எல்லாம் ஒரே விலை. டப்பாவைச் சங்கிலியில் கட்டி, மேலே துளை போட்டு மூடிவிடுங்கள். மிசோரம் மாதிரித் திறந்த டப்பா தெரிந்த முகங்கள் புழங்கும் இடத்துக்குத்தான் சரி. பணத்தைத் தினமும் எடுத்துவிடுங்கள். எத்தனை கூறு வைத்தோம், எத்தனை மிஞ்சியது, எவ்வளவு விழுந்தது என்று ஃபெல்ட்மன் மாதிரி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதம் கழித்து, வர வேண்டியதில் ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு வராமல் போனது என்பதை உங்கள் ஊரின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் தொடருங்கள். கூடிவிட்டால் தட்டை இடம் மாற்றிப் பாருங்கள், இல்லை சரக்கைக் குறையுங்கள்.